கோட்டையில் எடுத்த கருமாதிக் கல்

1

நேற்று அப்பாவின் தலைத் திவசம் முடிந்தது. நாளை எனக்கு விமானம். சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே கம்பெனி பஸ்கள் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. ஹாரன் சத்தத்தில் யோசிக்கக்கூட முடியவில்லை.

பக்கத்தில் வடக்குப்பட்டுதான் என் ஊர். ஊருக்கு வந்தவன் லாட்ஜில் தங்குவானா என்று கேட்பீர்கள். வீட்டை அறை அறையாகத் தடுத்துக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டாயிற்று. மிச்சமுள்ள இரண்டு அறையில் என் தம்பி ஏழுமலை, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். "உனக்கு சூடு தாங்காதுணா, ஏசி ரூம் போட்டு வச்சிகீறேன்" என்றான் ஏர்போர்ட்டிலேயே. அதெல்லாம் தாங்கும்டா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் பெட்டி லாட்ஜ் மாடிக்குப் போய்விட்டது.

லாட்ஜ்காரர் ஆதார் கேட்டார். அதில் வடக்குப்பட்டு விலாசம். என் முகத்தையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஊரு இங்கதானே சார்? வூட்ல தங்காம இன்னாத்துக்கு சார் ரூமு?"

சும்மா சிரித்து வைத்தேன். "எதுக்கு வந்தீங்கன்னு ஒரு கட்டம் கீது சார், இன்னா போடட்டும்?" என்றார். அப்பாவுக்குத் திவசம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே "ஃபங்ஷன்" என்று எழுதிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

2

நான் இருப்பது ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஒரு தீவு. ஒரகடம் கம்பெனியில் ஒன்பது வருஷம், தகடு அடிக்கிற பிரஸ் மெஷினைப் பழுது பார்த்த கை, இப்போது சால்மன் மீனின் தலையை நறுக்குகிற மெஷினைப் பழுது பார்க்கிறது. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. தீவில் தமிழ்க் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். அங்குள்ளவர்கள் கெட்டவர்கள் இல்லை. பார்த்தால் நின்று மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். அதற்குமேல் பேச்சை எப்படி நகர்த்துவது என்று எனக்குத் தெரியாது. ஆறு வருஷமாக மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு ஏரிக்கரையில், இடிந்த கல்கோட்டை ஒன்று இருக்கிறது. 'ப்ராக்' என்பார்கள். எழுத்து, ராஜா, கல்வெட்டு எதுவும் இல்லாத காலத்தில் கட்டியது. இரண்டாயிரம் வருஷம் இருக்கும் என்கிறார்கள். வட்டமான சுவர், ஒன்றல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. நடுவில் ஆள் ஏறிப்போகும் படிக்கட்டு. சுண்ணாம்பு இல்லை, மண் பூச்சும் இல்லை. கல்லின்மேல் கல்லை அடுக்கி, அதன் கனத்திலேயே நிற்க வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் மூன்று மாடி உயரம் இருந்ததாம். இப்போது என் நெஞ்சளவு. உள்ளே போக ஒரே வாசல், அதுவும் குனிந்துதான் போகவேண்டும். வாசலுக்குள் பக்கவாட்டில் காவல்காரன் உட்கார ஒரு பொந்து. வருபவன் குனிந்துகொண்டு வருவான், காவல்காரன் தலையில் ஒன்று போடலாம். என்ன மூளை!

அந்தத் தீவில் காற்று நிற்கவே நிற்காது. காவல்காரன் பொந்துக்குள் மட்டும் அடிக்காது. அதனால் வேலை முடிந்து வரும்போது அதற்குள் உட்கார்ந்துதான் அப்பாவுக்குப் போன் போடுவேன்.

"இன்னாடா, கோட்டைக்குள்ளயா கீற?" என்பார் எடுத்தவுடன்.

"ஆமாம்பா."

"ராஜா யாருடா அந்தக் கோட்டைக்கு?"

"ராஜால்லாம் இல்லப்பா. பயிர் வச்சவங்க, மீன் புட்ச்சவங்க. வெளியாளு வந்தா ஆடு மாட்டையும் உள்ள ஓட்டிகினு வாசல அடைச்சிக்குவாங்களாம்."

"அப்ப அது கோட்டை இல்லடா. வூடு. பயந்தவன் கட்டின வூடு." கொஞ்சம் இருமிவிட்டுச் சொல்வார்: "இங்கயும் செவுரு எழுப்பிகினேதான் கீறானுங்கோ. நெல்லு வெளைஞ்ச நம்ம கயனில உன் தம்பி வேல செய்யற கம்பெனி கீது. கேட்டு போட்டு ஒருத்தன் நிக்கறான். ஏரிக்குப் போவணும்னா பேரு, போன் நம்பரு எழுதணுமாம். எனக்கு!"

அவர் கோபப்படக் கோபப்பட எனக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போனால் ராத்திரிச் சாப்பாடு இறங்கும்.

3

அப்பா செத்த செய்தி வந்தபோது என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. விசா நீட்டிப்புக்கு அனுப்பியிருந்தேன். திருப்பிக் கேட்டேன். "உங்கள் கோரிக்கை வரிசையில் உள்ளது" என்று பதில். அப்பா இறந்துவிட்டார் என்று எழுதினேன். வருத்தம் தெரிவித்து, சான்று அனுப்பச் சொன்னார்கள். ஏழுமலை எங்கெங்கோ அலைந்து வாங்கிப் படம் பிடித்து அனுப்பினான். அது தமிழில் இருக்கிறது, அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். அந்த நாட்டில் மொழிபெயர்க்க ஆள் தேடி, அவர் முத்திரை போட்டு அனுப்புவதற்குள் பதினாறாம் நாளே வந்துவிட்டது. யாரையும் திட்ட முடியவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் பதில் எழுதினார்கள்.

எங்களில் அப்பாவுக்குப் பெரியவன் செய்யவேண்டும், அம்மாவுக்குச் சின்னவன் செய்யவேண்டும். அம்மா போனபோது ஏழுமலை செய்தான். அப்பாவுக்கு என் முறை. "பெரியவன் கையாலதான் எனக்குக் கல்லு எறக்கணும்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செத்தவரை ஒரு சின்னக் கல்லில் வரவழைத்து, ஏரிக்கரையில் நட்டு, படைத்து, பதினாறாம் நாள் கருமாதியன்று அந்தக் கல்லைத் தண்ணீரில் இறக்கி விடுவார்கள். விட்டவன் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அதோடு அவர் போய்ச் சேர்ந்தார் என்று கணக்கு. அந்த ஒரு காரியம்தான் அவர் என்னிடம் கேட்டது.

கருமாதியைப் போனில் பார்த்தேன். ஊரில் காலை, தீவில் எனக்கு விடியல். யாரோ சொந்தக்காரர் கரையிலிருந்து படம் காட்டினார். ஏழுமலை ஏரிக்குள் தூரமாகப் போவதும், முழுகி எழுவதும் தெரிந்தது. அப்புறம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். "நான் கட் பண்றேம்பா" என்றார் சொந்தக்காரர்.

என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. கோட்டைக்கு நடந்தேன். ஜூன் மாதம் அங்கே நான்கு மணிக்கெல்லாம் பளிச்சென்று இருக்கும். காவல்காரன் பொந்தில் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் கை போனை எடுத்தது. யாரைக் கூப்பிடுவது? அப்போதுதான் அழுகை வந்தது. பொந்தின் தரையில் சுவரிலிருந்து கழன்ற ஒரு பலகைக் கல் கிடந்தது, உள்ளங்கை அகலம். அதை எடுத்து நிறுத்தினேன். பையிலிருந்த பிஸ்கட்டைப் படைத்தேன். மந்திரம் எதுவும் தெரியாது. "அப்பா, வா" என்று மட்டும் சொன்னேன். பிறகு ஏரியில் முழங்கால் ஆழம் இறங்கிக் கல்லை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். குளிரில் பல் கிடுகிடுத்தது. ஆனாலும் மனப்பாரம் இறங்கியிருந்தது. என் முறையை நான் செய்துவிட்டேன்.

4

என் மகள் யாழினிக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் புரியும், பேச வராது. பேசினால் "தாத்தா செத்துப் போச்சு" என்பாள், மனைவி திருத்துவாள். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு அந்தக் கோட்டைதான் பாடம். ஆளுக்கு ஒரு பகுதி பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து எண் போடச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வந்தது காவல்காரன் பொந்து. எனக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து முகம் சிவந்து வந்து நின்றாள். அவள் ஆங்கிலத்தில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கள் கோட்டையில் ஒரு கல்லை யாரோ திருடிவிட்டார்கள். நாற்பத்தோராம் கல். நாளைக்கு டீச்சரிடம் சொல்லப்போகிறேன், அவர்கள் போலீஸில் சொல்வார்கள். அங்கே ஒரு கல்லைத் தொட்டாலும் குற்றம்."

'எங்கள் கோட்டை' என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிரந்தரமாகத் தங்க எழுதிப் போடும் விண்ணப்பத்தில் 'ஏதாவது குற்றம் செய்ததுண்டா' என்று ஒரு கேள்வி வரும். ஆனால் சத்தியமாக அதை அப்புறம்தான் நினைத்தேன். முதலில் பட்டது அந்த 'எங்கள்'தான். அதில் நான் இல்லை.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டாள். கல்லில் தாத்தாவை வரவழைத்ததைக் கேட்கும்போது கண் விரிந்தது. கடைசியில் சொன்னாள்: "பாவம் அப்பா நீ. ஆனால் அது உன் கல் இல்லையே."

விட்ட கல்லை எடுத்தால் விட்டது விட்டதாகுமா? யாரிடம் கேட்பது? ஏழுமலையிடம் கேட்க வெட்கம். மறுநாள் அப்பனும் மகளுமாக ஏரியில் இறங்கினோம். தண்ணீர் கண்ணாடியாக இருந்ததால் கல் அதே இடத்தில் தெரிந்தது. அவள்தான் எடுத்தாள். போனில் படத்தைப் பார்த்துப் பார்த்து, எந்தப் பக்கம் மேலே இருந்தது, எந்த மூலை சுவரைத் தொட்டது என்று திருப்பித் திருப்பி வைத்தாள். டீச்சரிடமும் அவளே போய்ச் சொன்னாள். டீச்சர் வந்து பார்த்தார், இனிமேல் எதையும் தொடக் கூடாது என்று எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார், அதோடு போயிற்று.

"தாத்தா இப்போது இங்கே இருக்கிறாரா?" என்று யாழினி அன்று கேட்டாள். தெரியாது என்றேன். கல்லைப் பார்த்து, "ஸாரி தாத்தா" என்றாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கையைப் பிடித்து வருஷக்கணக்காகியிருந்தது.

அதன் பிறகு அந்தப் பொந்தில் நான் உட்காரவில்லை.

5

இந்தத் தடவை வந்து இறங்கிய அன்றைக்கே, சத்திரத்து டீக்கடையில் ஏழுமலையிடம் இதைச் சொன்னேன். ஒரு வருஷமாக ஊரில் யாரிடமும் சொல்லாத கதை. சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அவனுக்கு அந்தக் கோட்டையை வேறு விலாவாரியாக வர்ணித்தேன்.

"நம்மூருலகூட தொல்லியல்காரங்க தோண்டினாங்கணா. கல்லு, ஓடு எல்லாம் மூட்ட கட்டிகினு போனாங்கோ" என்று சுவாரஸ்யமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். நான் கல்லை ஏரியில் விட்ட இடம் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தான்.

"கருமாதி அன்னிக்கேவா உட்ட?"

"ஆமாண்டா. நீ உட்ட கொஞ்ச நேரத்துல."

"யார கேட்டு உட்ட?"

"யாரக் கேக்கணும்? மனசு தாங்கல, செஞ்சேன்."

"அப்ப நீ அங்கயே முட்ச்சிட்ட." எழுந்துவிட்டான். "எனக்கு பி ஷிஃப்ட் கீதுணா."

அவ்வளவுதான். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. அவன் மனைவி வீட்டிலிருந்து சாப்பாடு கொடுத்தனுப்பினாள். "அவுரு டூட்டியில கீறாரு மாமா, ஓவர்டைமாம்" என்றாள் போனில். அந்த இரண்டு நாளும் இந்த ஏசி அறையில் உட்கார்ந்து என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்தேன். அங்கேயாவது மழையைப் பற்றிப் பேச ஆள் உண்டு. இங்கே லாட்ஜ்காரர் சாவி கொடுக்கும்போது தலையை ஆட்டுவார். சொந்த ஊரில் ஒரு மனுஷன் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. தம்பிக்குக் கோபம், ஏனென்று தெரியவில்லை. ஒரே அப்பாவுக்கு இரண்டு கல் வைத்தது பாவமோ? அவன் செய்த காரியத்தைச் செல்லாததாக்கிவிட்டேனோ? அப்பா இரண்டு இடத்துக்கும் இழுபட்டுக்கொண்டிருக்கிறாரோ? இதைச் சரிசெய்யாமல் விமானம் ஏறினால் எனக்கென்று இங்கே இருக்கும் ஒரே ஆளும் போய்விடுவான் என்று பயமாக இருந்தது.

6

நேற்றுக் காலை திவசத்துக்கு ஏரிக்குப் போனோம். வழியில் அந்தக் கேட். காவலாளி நோட்டை நீட்டினான். ஏழுமலை இருவர் பெயரையும் எழுதினான், என்னிடம் பேசவில்லை. ஐயர் எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொன்னார், இறைத்தேன். பிண்டம் வைக்கச் சொன்னார், வைத்தேன். சொந்தக்காரர்கள் சாப்பிடக் கிளம்பினார்கள். "நீங்க போங்க, நாங்க வர்றோம்" என்றான் ஏழுமலை.

எல்லோரும் போனதும் டிபன் பையைத் திறந்து ஒரு துணி மூட்டையை எடுத்தான். பிரித்தான். கைமுஷ்டி அளவு கல். மஞ்சள் தடவிய கறை இன்னும் இருந்தது.

"அன்னிக்கி நான் இத்த உடலணா."

எனக்குப் புரியவில்லை. "வீடியோல பாத்தேனேடா. முழுகி எழுந்தியே."

"முழுகினேன். கைய உடல. வேட்டி மடிப்புல சொருவிகினு கரைக்கு வந்துட்டேன். அப்பாக்கு நான் யாரு செய்ய? பெரியவன் கையாலதான்னு அவுரு சொல்லிகினே இருந்தாரு. நீ வருவன்னு வச்சிருந்தேன்."

செத்தவர் கல்லை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. "ஒரு வருஷமா எங்கடா வச்சிருந்த?"

"கம்பெனி லாக்கர்ல."

"லாக்கர்லயா?"

"சேஃப்டி ஷூக்குப் பக்கத்துல. டெய்லி ஷிஃப்ட்டுக்குப் போவ சொல்ல பாப்பேன். ஒருவாட்டி சூப்பர்வைசர் லாக்கர் செக் பண்ணிட்டு இன்னாடா கல்லுன்னாரு. டேபிள் ஆடுது சார், முட்டு குடுக்கன்னேன். உள்ள எட்த்துகினு போவ சொல்ல ஒருத்தனும் கேக்கல. வெளிய எட்த்தாரணும்னா கேட் பாஸு வோணுமாம். ரெண்டு நாளு அதுக்குத்தான் அலைஞ்சேன். உம்மேல கோவந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இதுக்கும் அலைஞ்சேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினான். பொருள்: கல். எண்ணிக்கை: ஒன்று. 'திரும்பி வரும், வராது' என்று இரண்டு கட்டம். வராது என்ற கட்டத்தில் டிக். கீழே மூன்று கையெழுத்து.

"கயனிய எட்த்துகினு அவர வெளியவே நிக்க வச்சானுங்க இல்ல? ஒரு வருஷம் உள்ள இருந்தாருணா" என்றான். சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். "நான் உனுக்காக வச்சிகினு கீறேன், நீ பாட்டுக்கு அங்க முட்ச்சிட்டேன்னு டீ குட்ச்சிகினே சொல்ற. எனக்கு எப்டி இருக்கும்?"

என்னைச் சேர்க்காமல் காரியத்தை முடித்துவிட்டார்கள் என்றுதானே அன்றைக்குக் கோட்டைக்கு ஓடினேன்? இவன் முடிக்கவே இல்லை. ஒரு போன் பண்ணி, "டேய், எனக்குத் தாங்கலடா" என்று சொல்லியிருந்தால் அப்போதே சொல்லியிருப்பான். நான் கல்லிடம் சொன்னேன், தம்பியிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. "தப்புதாண்டா" என்றேன். மன்னிப்பெல்லாம் எங்களுக்குள் கேட்டுப் பழக்கமில்லை.

"சரி, வா. வெயிலு ஏறுது" என்றான்.

ஏரியில் தண்ணீர் குறைவு. கம்பெனி மனைகளை மேடாக்க மண் எடுத்த பள்ளத்தில் மட்டும் இடுப்பளவு நின்றது. "பாத்து வாண்ணா, பள்ளம் கீது" என்று என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். நடுவில் நின்று கல்லை என் கையில் கொடுத்தான்.

"நீ வை. பெரியவன் நீதானே."

"நீயும் புடிடா. ஒரு வருஷம் காத்தவன் நீ."

வேண்டாம் என்றான், நான் விடவில்லை. நாலு கையும் சேர்த்துக் கல்லைப் பிடித்தோம். "மூணு சொல்றேன், முழுகறோம், உடறோம்" என்றான். முழுகினோம். கலங்கல் தண்ணீர், கண் திறந்தும் ஒன்றும் தெரியவில்லை. கல் கனத்தது. அவன் விடமாட்டேன் என்கிறான், பாவம், ஒரு வருஷம் கூடவே வைத்திருந்தவன் என்று நினைத்துக்கொண்டேன். அவன் விடட்டும் என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். முடியாமல் எழுந்தேன்.

ஏழுமலை ஏற்கெனவே எழுந்து நின்று, இரண்டு கையாலும் முகத்துத் தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, நீ உடவே இல்லியே" என்றேன்.

என் கையைப் பார்த்தான்.

"நான் அப்பவே உட்டுட்டேண்ணா. நீதான் இன்னும் புட்ச்சிகினு கீற."